ட்ராவல் ட்ரெய்லருக்கு எலெக்ட்ரிக் ட்ரம்மா, ஹைட்ராலிக் டிஸ்க்கா? பணத்தை முதலில் வயரில் போடுங்கள்

வண்டிக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் தங்கும் வீடுதான் ட்ராவல் ட்ரெய்லர். இரண்டு 3,500 பவுண்டு ஆக்சில் போட்டது வட அமெரிக்காவில் மிகச் சாதாரணம். தொழிற்சாலையிலிருந்தே நான்கு சக்கரத்துக்கும் 10 அங்குல எலெக்ட்ரிக் ட்ரம் பிரேக்கோடு வரும். மலை இறக்கத்தில் ஒருமுறை பயந்தவர்கள் எல்லோரும் சொல்லும் மருந்து ஒன்றுதான்: டிஸ்குக்கு மாற்று. எங்கள் ட்ரெய்லருக்கு மாற்றவில்லை. தானாக அட்ஜஸ்ட் ஆகும் ட்ரம் பிரேக்கை வாங்கிப் போட்டு, வயரைப் புதிதாக இழுத்தோம். இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

ஹிட்ச் அழுந்தும்போது தானே பிடிக்கும் சர்ஜ் பிரேக்கை இங்கே சேர்க்கவில்லை. படகு ட்ரெய்லருக்கு அது நல்லது, தண்ணீரில் இறங்கும் வண்டிக்கு மின்காந்தம் ஆகாது. ஆனால் வண்டிக்குள்ளிருந்து ட்ரெய்லர் பிரேக்கை மட்டும் தனியாகப் பிடிக்க அதில் வழியில்லை. ட்ரெய்லர் வால் ஆட்ட ஆரம்பித்தால் ஆக்சிலரேட்டரை விட்டு, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து, வண்டிக்குள் இருக்கும் பிரேக் கன்ட்ரோலரின் கைப்பிடியை மட்டும் அழுத்துவதுதான் காப்பாற்றும். கால் பிரேக்கை மிதித்தால் ஆட்டம் கூடத்தான் செய்யும்.

மற்ற இரண்டுக்கும் கட்டளை ஒரே இடத்திலிருந்து போகிறது. பிரேக் கன்ட்ரோலர் ஏழு முனை பிளக்கின் நீல வயரில் மின்சாரம் அனுப்பும். ட்ரம்மில் அது நேராக ஒவ்வொரு சக்கரத்திலும் உள்ள மின்காந்த மேக்னட்டுக்குப் போகிறது. சுழலும் ட்ரம்மின் உள்முகத்தில் மேக்னட் ஒட்டி இழுபடும், அந்த இழுப்பு ஒரு லீவரை நகர்த்தும், லீவர் ஷூவை வெளியே தள்ளி, அதன் மேலுள்ள லைனிங்கை ட்ரம்மில் உரச வைக்கும். டிஸ்கில் அதே மின்சாரம் ட்ரெய்லரின் முன்பக்கத்தில் இருக்கும் ஆக்சுவேட்டருக்கு ஒரு சைகை மட்டுமே. ஆக்சுவேட்டரின் மோட்டார் பிரேக் ஆயிலை 1,600 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) வரை அழுத்தி நான்கு காலிப்பருக்கும் அனுப்பும். சக்கரத்தோடு சுழலும் ரோட்டரை காலிப்பர் இரண்டு பக்கமும் பேடால் நெருக்கும்.

பிடிக்கும் பலத்தில் டிஸ்க்தான் மேல். சூடேறினால் ட்ரம் விரிந்து ஷூவை விட்டு விலகும், ரோட்டரோ தடித்து பேடை நோக்கி வரும். கொலராடோவில் ஐசன்ஹவர் சுரங்கத்திலிருந்து இறங்கும் 7 விழுக்காட்டுச் சரிவிலோ, வயோமிங்கின் டீட்டன் கணவாயின் 10 விழுக்காட்டிலோ இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். அங்கேயும் பாரத்தின் பெரும்பகுதியை கீழ் கியர்தான் தாங்க வேண்டும். பிரேக்கை விட்டுவிட்டுப் பிடிக்க வேண்டும், விடாமல் மிதித்துக்கொண்டே இறங்கினால் எந்த பிரேக்கும் வேகும்.

இருந்தும் ட்ரம் பக்கம் நிற்கக் காரணம் பராமரிப்பு.

முதலில் வயர்

"ட்ரம் பிரேக் பிடிக்கவே மாட்டேன் என்கிறது" என்று வரும் புகார்களில் பெரும்பாலானவை ட்ரம்மின் குற்றமே இல்லை, மேக்னட்டுக்கு மின்சாரம் போய்ச் சேருவதில்லை. கணக்கு எளிது. 10 அங்குல மேக்னட் ஒன்றின் மின்தடை சுமார் 3.2 ஓம், நான்கும் பக்க இணைப்பில் சேர்ந்தால் 0.8 ஓம். பல ட்ரெய்லர்களில் 16 கேஜ் வயர்தான் ஓடுகிறது (கேஜ் எண் குறையக் குறைய வயர் தடிமன்). போக 25 அடி, வர 25 அடி என்றால் அந்த வயரே 0.2 ஓம் எடுத்துக்கொள்ளும். கன்ட்ரோலர் 12.6 வோல்ட் கொடுத்தாலும் மேக்னட்டுக்குக் கிடைப்பது 10 வோல்ட்தான். 12 கேஜ் போட்டால் ஏறக்குறைய 11.5 வோல்ட், 10 கேஜ் போட்டால் ஏறக்குறைய 11.9. இதில் துருப்பிடித்த இணைப்புகளின் இழப்பைச் சேர்க்கவில்லை. பலவீனமாகக் கிடக்கும் ட்ரம்மை டிஸ்கோடு ஒப்பிட்டு, டிஸ்க் ஜெயித்தது என்பது நியாயமான போட்டி இல்லை.

நீல வயரில் நேர்மின்னோட்டம் அளக்கும் கிளாம்ப் மீட்டரை மாட்டி, கன்ட்ரோலரை முழு அளவில் அழுத்திப் பாருங்கள். மேக்னட்டுக்கு 3 ஆம்பியர் கணக்கில் நான்குக்கு 12 வர வேண்டும். சுமார் 9 என்றால் ஒரு மேக்னட் போயிற்று. 6 என்றால் ஓர் ஆக்சிலுக்கே இணைப்பு அறுந்திருக்கலாம். 12-ஐ நன்றாகத் தாண்டினால் எங்கோ வயர் உரசி ஷார்ட் ஆகிறது. ஷார்ட் பெரும்பாலும் ஆக்சில் குழாய்க்குள்தான் இருக்கும். ஒரு சக்கரத்திலிருந்து எதிர்ச் சக்கரத்துக்குப் போகும் வயரைக் குழாய்க்குள் தளர்வாக விட்டிருப்பார்கள், ஒவ்வொரு குலுக்கலுக்கும் அது இரும்பில் உரசி மேலுறை தேயும். அந்த வயரை அப்படியே கைவிட்டு, ஆக்சிலின் வெளிப்புறத்தில் உறைக்குழாய் போட்டுப் புதிதாக இழுப்பதுதான் நிரந்தரத் தீர்வு.

இழுக்கும்போது எர்த்துக்கும் தனி வயர் போட வேண்டும். சேஸிஸில் ஒரு ஸ்க்ரூவை முடுக்கி அதையே எர்த்தாக நம்புவது முதல் மழைக்காலம் வரைதான். இணைப்புகளுக்கு சூட்டில் சுருங்கும், உள்ளே பசையுள்ள கிரிம்ப் ஸ்லீவ் போதும். வயரைக் கிள்ளிப் பிடிக்கும் பிளாஸ்டிக் கிளிப்பை இங்கே வைக்கவே கூடாது. வயர், ஸ்லீவ், உறைக்குழாய் எல்லாம் சேர்த்தாலும் ஒரு காலிப்பர் செட்டின் விலை வராது.

அடுத்தது அட்ஜஸ்ட்மென்ட்

சாதாரண ட்ரம்மின் பெரிய குறை, லைனிங் தேயத் தேய இடைவெளி கூடிக்கொண்டே போவது. புதிதாகப் போட்டால் முதல் 200 மைலில் ஒருமுறை, பிறகு 3,000 மைலுக்கு ஒருமுறை கையால் சரிசெய்ய வேண்டும். ஜாக்கியை ஃப்ரேமில் கொடுங்கள், ஆக்சில் குழாயில் கொடுத்தால் வளையும். ஸ்டாண்டு வைத்தபின் பேக்கிங் பிளேட்டின் கீழ் ஓட்டையிலுள்ள ரப்பர் மூடியைக் கழற்றி, சக்கரத்தை முன்னோக்கிச் சுற்றிக்கொண்டே பல்சக்கரத்தை நெம்பி, சுற்றவே கஷ்டமாகும் வரை இறுக்குங்கள். பிறகு லேசான உரசல் சத்தத்தோடு தடையின்றிச் சுற்றும் அளவுக்குத் தளர்த்துங்கள். நான்கு சக்கரத்திலும் உரசல் ஒரே மாதிரி கேட்க வேண்டும்.

இந்த வேலையைப் பெருமளவு குறைப்பதுதான் தானாக அட்ஜஸ்ட் ஆகும் ட்ரம். முன்னோக்கி ஓடி பிரேக் பிடிக்கும்போதே இடைவெளியைச் சரிசெய்துகொள்ளும். பேக்கிங் பிளேட், ஷூ, ஸ்ப்ரிங், மேக்னட் எல்லாம் கோத்த முழு செட்டாகவே வரும். 3,500 பவுண்டு ஆக்சிலில் நான்கு போல்ட், இரண்டு வயர், அவ்வளவுதான். பழையதைப் பிரித்து ஷூவும் ஸ்ப்ரிங்கும் தனித்தனியாக மாற்றுவதைவிட இது வேகம், பல நேரம் மலிவும்கூட. இடது, வலது மாறக் கூடாது. லைனிங் குட்டையாக இருக்கும் ஷூ வண்டியின் முன்பக்கம் பார்த்து வர வேண்டும், மாறினால் பிடிப்பு குறையும். போட்டவுடன் முதல் இடைவெளியை மட்டும் கையால் வைத்து, காலியான சாலையில் மணிக்கு 40 மைலிலிருந்து 20-க்கு இறங்கும்படி 20 முதல் 30 முறை, நடுநடுவே ஆறவிட்டு, பிடித்து எடுங்கள். ஷூவும் மேக்னட்டும் முகம் பதிவது அப்போதுதான்.

கிரீஸ் விஷயத்தில் மட்டும் ட்ரம்முக்கு வக்காலத்து வாங்க முடியாது. ஹப்பின் பின்பக்க சீல் விட்டால் கிரீஸ் நேராக லைனிங்கில்தான் விழும். கிரீஸ் ஊறிய லைனிங்கை எந்த ஸ்ப்ரே போட்டுக் கழுவினாலும் பழைய பிடிப்பு வராது, மாற்றத்தான் வேண்டும். ஸ்பிண்டில் நுனியில் நிப்பிள் இருக்கிறதே என்று கிரீஸ் கன்னை வேகமாக அழுத்துகிறவர்கள் சீலைத் தாங்களே தள்ளிவிடுகிறார்கள். ஆண்டுக்கு ஒருமுறை, அல்லது 12,000 மைலில், ஹப்பைக் கழற்றி பேரிங்கைக் கழுவி, கையால் கிரீஸ் ஏற்றி, புதிய சீல் போடுவதே மேல். எப்படியும் மேக்னட்டைப் பார்க்க ட்ரம்மைக் கழற்றித்தானே ஆக வேண்டும். மேக்னட்டின் முகம் ஒரே சீராகத் தேய்ந்திருந்தால் சரி, ஒரு பக்கம் சாய்வாகத் தேய்ந்திருந்தால் லீவரின் புஷ் போய்விட்டது. லைனிங் 1/16 அங்குலத்துக்கு வந்தால் மாற்றுங்கள். ட்ரம்மின் உள்விட்டம் 10.090 அங்குலத்தைத் தாண்டியிருந்தால் கடைசல் பிடிக்காமல் தூக்கிப் போடுங்கள்.

டிஸ்கில் என்ன வேலை

பேடும் ரோட்டரும் ஹப்புக்கு வெளியே இருப்பதால் சீல் கசிவு அவற்றை எளிதில் கெடுக்காது. அட்ஜஸ்ட்மென்ட் கிடையாது. பேடின் தேய்மானம் வெளியிலிருந்தே தெரியும். இந்த மூன்றும் உண்மையான லாபம். பேரிங் கிரீஸ் வேலை மட்டும் குறையாது, ஹப் இரண்டிலும் ஹப்தான்.

சிக்கல், ட்ராவல் ட்ரெய்லர் வாழும் விதத்தில் இருக்கிறது. கார் தினமும் ஓடும். ட்ரெய்லர் ஆண்டில் பல மாதம் நின்றே கிடக்கும். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும், அந்த ஈரம் காலிப்பர் பிஸ்டனையும் இரும்புக் குழாயையும் உள்ளிருந்து அரிக்கும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஆயிலை முழுக்க மாற்றி, ஆக்சுவேட்டரிலிருந்து தூரத்துச் சக்கரத்தில் தொடங்கி ஏர் எடுக்க வேண்டும். காலிப்பர் சறுக்கி நகரும் ஊசித் தண்டு இறுகிவிட்டால் பேட் ரோட்டரை விடாமல் உரசி ஹப்பைச் சூடாக்கும், அந்தச் சூட்டில் பேரிங் கிரீஸ் உருகி ஓடும். முதல் நாள் பயணத்தில் பெட்ரோல் போட நிறுத்தும்போது நான்கு ஹப்பையும் தெர்மாமீட்டர் துப்பாக்கியால் பார்ப்பது ட்ரம்முக்கும் நல்ல பழக்கம், டிஸ்குக்குக் கட்டாயம்.

இதைவிடப் பெரிய யோசனை ஆக்சுவேட்டரைப் பற்றியது. ட்ரம்மில் ஒரு மேக்னட் போனால் மூன்று மிச்சமிருக்கும். ஆக்சுவேட்டர் படுத்தால் நான்கு சக்கரமும் ஒன்றாகப் போகும். அது ட்ரெய்லர் பேட்டரியிலிருந்து மின்சாரம் எடுப்பதால், கேம்பில் விளக்கும் ஹீட்டரும் குடித்துத் தீர்த்த பேட்டரியோடு சாலைக்கு வருவது ஆபத்து. லித்தியம் பேட்டரி போட்டவர்கள் கவனிக்க: சார்ஜ் தீர்ந்தால் பேட்டரி மேலாண்மைச் சுற்று தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும். ட்ரெய்லர் கழன்றால் தானே பிடிக்க வேண்டிய பிரேக்அவே ஸ்விட்சுக்கும் அதே பேட்டரிதான். ட்ரம்முக்கும் பிரேக்அவே அதை நம்பித்தான் இருக்கிறது, ஆனால் ஓடும்போது பிடிக்கும் மின்சாரம் இழுக்கும் வண்டியிலிருந்து வருகிறது.

வழியில் பழுதானால் நிலவரம் இன்னும் தெளிவு. 10 அங்குல ட்ரம் செட்டும் மேக்னட்டும் விவசாயக் கருவி விற்கும் கடையிலும் ட்ரெய்லர் உதிரிபாகக் கடையிலும் கிடைக்கும். ஒரு செட்டை ட்ரெய்லரிலேயே வைத்துக்கொள்ளலாம், இடமும் அடைக்காது. ஆக்சுவேட்டரை சனிக்கிழமை மாலை மொன்டானாவின் ஒரு சிற்றூரில் தேடிக் கிடைப்பது அதிர்ஷ்டம்.

மறுவிற்பனையில் டிஸ்க் விலையைத் திருப்பித் தரும் என்று எண்ண வேண்டாம். வாங்க வருகிறவர் முதலில் பார்ப்பது கூரையும் நீர்க்கசிவும்தான்.

டிஸ்க் யாருக்கு

ஏழாயிரம் பவுண்டுக்கு உட்பட்ட இரட்டை ஆக்சிலுக்குத்தான் மேலே சொன்னதெல்லாம். பதினான்காயிரத்தை நெருங்கும் ஐந்தாவது சக்கர ட்ரெய்லருக்கு (பிக்கப் வண்டியின் பின்தட்டில் மாட்டும் பெரிய ட்ரெய்லர்) இந்தத் தீர்ப்பை அப்படியே தூக்கிக்கொண்டு போகாதீர்கள். அங்கே சூடு வேறு கணக்கு, டிஸ்க் செலவு நியாயமாகத்தான் தெரிகிறது. ராக்கி மலைப் பகுதியிலேயே குடியிருந்து வாரந்தோறும் இழுப்பவருக்கும் அப்படியே. வண்டி அடிக்கடி ஓடுவதால் நின்று துருப்பிடிக்கும் பிரச்சினையும் அவருக்குக் குறைவு.

டிஸ்க் என்று முடிவெடுத்தால் வாங்குமுன் மூன்றைப் பாருங்கள். வண்டியின் கன்ட்ரோலர் மின்-ஹைட்ராலிக் முறையை ஏற்குமா என்று மெனுவில் தேடுங்கள், சாதாரண எலெக்ட்ரிக் அமைப்பிலேயே விட்டால் சில ஆக்சுவேட்டர்கள் தாமதிக்கும், சில பிழை காட்டும். ஆக்சுவேட்டர் டிஸ்குக்கானதா என்று கேளுங்கள், 1,000 பிஎஸ்ஐ தருவது ஹைட்ராலிக் ட்ரம்முக்கு உரியது. காலிப்பர் உள்ளே இடிக்காமல் சக்கரத்தின் ரிம் சுற்றுமா என்று அளந்து பாருங்கள், சிறிய ரிம்மில் இடிக்கும்.

பிரேக் வேண்டுமா என்பதில் மட்டும் தேர்வே இல்லை. ஒன்டாரியோவில் மொத்த எடை 1,360 கிலோவும் அதற்கு மேலும் இருந்தால் ட்ரெய்லருக்கு பிரேக் கட்டாயம், கலிஃபோர்னியாவில் கேம்ப் ட்ரெய்லருக்கு 1,500 பவுண்டிலேயே.

எதைப் போட்டாலும் கன்ட்ரோலரின் அளவை ட்ரெய்லரில் சாமான் ஏற்றியபின் வையுங்கள். காய்ந்த, சமதளச் சாலையில் மணிக்கு 25 மைலில் கைப்பிடியை மட்டும் முழுதாக அழுத்துங்கள். சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்கினால் அளவைக் குறையுங்கள். சறுக்கலுக்குச் சற்று முன்னால் நிற்கும் அளவே சரி. முழு அளவில் வைத்தும் சக்கரம் பூட்டவே மாட்டேன் என்றால், டிஸ்குக்கு விலை கேட்கப் போகுமுன் கிளாம்ப் மீட்டரை எடுத்துக்கொண்டு நீல வயருக்குப் போங்கள்.