ஊர் ஆச்சியா, சென்னை ஆச்சியா?

பேரன் பிறந்ததும் அம்பாசமுத்திரத்து ஆச்சிக்கு இரண்டு வழிகள்: மகளோடு சென்னைக்குப் போவது, அல்லது ஊரிலேயே இருந்து விடுமுறைக்குக் காத்திருப்பது.

சென்னை என்றால் தினமும் பிள்ளை முகம். கூடவே பள்ளி வேனுக்குக் காத்து நிற்பதும், 'சம்பளமில்லாத வேலைக்காரியோ' என்ற நினைப்பும்.

ஊர் என்றால் வருடத்தில் 30 நாள்தான். ஆனால் நெல்லை எக்ஸ்பிரஸில் வந்திறங்கும் பேரனுக்குத் தாமிரபரணிப் படித்துறையில் மூக்கைப் பிடித்து முங்கக் கற்றுத்தருவது ஆச்சிதான். பரீட்சை குறுக்கே வராவிட்டால், பங்குனி உத்திரத்தன்று நம் குலதெய்வமான சாஸ்தா எவர் என்று காட்டுவதும் அவள்தான். தேங்காய்ப்பால் சொதி கொதிக்கும்போது இஞ்சித் துவையலை அவன் நாக்கில் தடவிவிட்டு, முகம் சுளிப்பதைப் பார்த்துச் சிரிப்பாள்.

என் ஓட்டு ஊருக்கு. கைக்குழந்தைக் காலத்தில் மட்டும் சென்னை. மகளும் கொஞ்சம் தூங்க வேண்டுமே!