அல்சூரில் ஒரு விக்கா கடை
விக்கா என்கிற நவீன மாந்திரீகச் சமயத்தின் சடங்குக்கு வட்டம் போடத் தேவையான சாமான்களைப் பெங்களூரில் நேரில் பார்த்து வாங்க நினைப்பவர்கள், அல்சூர் ஏரிப் பக்கமுள்ள இந்தச் சின்னக் கடைக்குத் தாராளமாகப் போகலாம். கடைக்கார அக்கா தமிழ்தான். எது எதற்கு என்று பொறுமையாகச் சொல்லித் தருவார்.

எனக்கு ரொம்பப் பிடித்தது கயிறு. விக்காவைப் பரப்பிய ஜெரால்ட் கார்ட்னரின் மரபில் வட்டத்தின் விட்டம் 9 அடி. அதனால் நாலரை அடியில் ஒரு முடிச்சு போட்டே தருகிறார்கள். ஒரு முனையை நடுவில் ஒருவர் அழுத்திப் பிடிக்க, முடிச்சோடு சாக்பீஸைச் சேர்த்துச் சுற்றினால், மொட்டைமாடியில் வட்டம் பிசகாமல் விழுகிறது.

மெழுகுவத்திகள் பரவலான வழக்கப்படி கிழக்கே காற்றுக்கு மஞ்சள், தெற்கே நெருப்புக்குச் சிவப்பு, மேற்கே நீருக்கு நீலம், வடக்கே மண்ணுக்குப் பச்சை. கண்ணாடிக் குவளையில் ஊற்றியிருப்பதால் மாடிக் காற்றிலும் அணையவில்லை. அத்தாமே என்கிற கத்திக்குக் கறுப்புக் கைப்பிடி. முனை மழுங்கல்தான், குறையில்லை. வட்டத்தைக் காற்றில் வரையத்தான் அது, காய் நறுக்க அல்ல.

சாம்பிராணி மட்டும் அங்கே வாங்காதீர்கள். செயற்கை வாசனை, தொண்டை கமறுகிறது. நாட்டு மருந்துக் கடையில் கட்டிச் சாம்பிராணி கிடைக்குமே! உப்புக்கும் வீட்டுக் கல்லுப்பே போதும். ஞாயிற்றுக்கிழமை கூட்டம் நெரியும், வாரநாளில் போங்கள்.