தயாரிப்பாளர் சங்க விருதா, கோல்டன் குளோபா?

ஆஸ்கருக்கு முந்தைய வாரங்களில் அமெரிக்காவில் அடுத்தடுத்து நடக்கும் விருது விழாக்கள் அனைத்தையும் வேலைக்குப் போகும் ஒருவரால் கவனித்துவர இயலாது. நெடுங்காலம் கோல்டன் குளோபை மட்டும் பார்த்துவந்த நான், சில ஆண்டுகளாக அமெரிக்கத் தயாரிப்பாளர்கள் சங்கத்தின் விருதுகளுக்கு மாறிவிட்டேன். எந்தப் படம் ஆஸ்கர் வெல்லும் என்பதை முன்கூட்டியே அறிய விரும்புகிறவருக்கு இதுவே சரியான தேர்வு என்பது என் உறுதியான கருத்து.

கொண்டாட்டம் என்று பார்த்தால் கோல்டன் குளோபுக்கு ஈடில்லை. விருந்து மேசைகளில் நட்சத்திரங்கள் அமர்ந்திருக்க, விழா தொலைக்காட்சியில் நேரலையாக வருகிறது. 2009இல் ஏ.ஆர்.ரகுமானும், 2023இல் ‘நாட்டு நாட்டு’ பாடலுக்காகக் கீரவாணியும் விருது பெற்ற மேடை என்பதால் நமக்கு அதன்மேல் தனிப் பிரியமும் உண்டு. 1990இல் தொடங்கிய தயாரிப்பாளர் விருதுக்கு அந்த வெளிச்சம் கிடையாது. முடிவுகள் மறுநாள் செய்தியாகத்தான் பெரும்பாலும் நம்மை வந்தடைகின்றன.

ஆனால் என் முடிவைத் தீர்மானித்தது வாக்களிக்கும் முறை. 2009ஆம் ஆண்டுப் படங்களிலிருந்து ஆஸ்கர் தன் சிறந்த படப் பரிந்துரைகளைப் பத்தாக உயர்த்தி, முன்னுரிமை வாக்கு முறைக்கு மாறியது. தயாரிப்பாளர்கள் சங்கமும் அதே ஆண்டில் அதே வழியைப் பின்பற்றியது. நம் குடியரசுத் தலைவர் தேர்தலைப் போலவே, வாக்காளர் ஒரு பெயரோடு நிற்காமல் படங்களை வரிசைப்படுத்துகிறார். எந்தப் படமும் பாதிக்கு மேல் முதலிட வாக்குகளைப் பெறாவிட்டால், கடைசியில் இருக்கும் படம் நீக்கப்பட்டு, அதை முதலாவதாக எழுதியவர்களின் சீட்டுகள் அவர்களுடைய அடுத்த விருப்பத்துக்குப் போகின்றன. ஒரு படம் பாதியைத் தாண்டும்வரை இது தொடர்கிறது. ஆகவே, சிலர் வெறித்தனமாக ஆதரித்து, மற்றவர்கள் எட்டாம் இடத்தில் தள்ளிய படம் தேங்கிவிடும். ஏறக்குறைய எல்லோரும் இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ எழுதிய படம் மெல்ல மேலே வந்துவிடும்.

இதன் பலன் முதல் ஆண்டிலேயே தெரிந்தது. வசூலில் வரலாறு படைத்த ‘அவதார்’ கோல்டன் குளோபை வென்றது. தயாரிப்பாளர்கள் தேர்ந்தெடுத்ததோ மிகக் குறைந்த வசூல் பெற்ற ‘தி ஹர்ட் லாக்கர்’. ஆஸ்கரும் அதற்கே சென்றது. 2022இல் ‘கோடா’, 2023இல் ‘எவ்ரிதிங் எவ்ரிவேர் ஆல் அட் ஒன்ஸ்’, 2025இல் ‘அனோரா’ ஆகிய மூன்றும் கோல்டன் குளோபின் சிறந்த பட விருதைத் தவறவிட்டு, தயாரிப்பாளர் விருதையும் பின்னர் ஆஸ்கரையும் பெற்றவை. நாடகத்துக்கு ஒன்று, நகைச்சுவைக்கும் இசைப்படத்துக்கும் ஒன்று என இரண்டு சிறந்த படங்களை அறிவித்தும் கோல்டன் குளோப் அவற்றை எட்டவில்லை. அங்கே வாக்களிப்பவர்கள் பத்திரிகையாளர்கள். இங்கே வாக்களிப்பவர்கள் படம் எடுப்பவர்கள், அவர்களில் சிலர் ஆஸ்கர் வாக்காளர்களும்கூட.

குறையும் இருக்கிறது. 2009 முதல் 2024 வரையிலான படங்களுக்கு வழங்கப்பட்ட 16 விருதுகளில் 13 முறை முடிவு ஆஸ்கரோடு ஒத்துப்போனது. ‘தி பிக் ஷார்ட்’, ‘லா லா லேண்ட்’, ‘1917’ ஆகிய மூன்றில் பிசகியது. ஒத்துப்போனவற்றிலும் ஒன்று, ‘கிராவிட்டி’யும் ‘12 இயர்ஸ் எ ஸ்லேவ்’வும் சமநிலையில் பகிர்ந்துகொண்ட விருது என்பதால், அதை அரை மதிப்பெண்ணாக எண்ணுவதே நியாயம்.

தொலைக்காட்சிப் பிரிவுகளைப் பற்றி இதே உறுதியோடு என்னால் சொல்ல முடியாது. தொடர்களை நான் குறைவாகவே பார்க்கிறேன். வழக்கமாகச் செப்டம்பரில் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர்களுக்கான எம்மி விழா முடிந்த பிறகே இந்த விருதுகள் வருவதால், 2025இல் ‘ஷோகன்’ வென்றதுபோல, எம்மி சொன்னதையே இவை பல நேரங்களில் உறுதிப்படுத்துகின்றன என்பது என் எண்ணம். தொடர்களுக்காக மட்டும் ஒரு விழாவைத் தேடுபவர், இரண்டையும் விட்டுவிட்டு எம்மியையே பார்க்கலாம்.