ஆடிக் காற்றுக்கு ஒரு வண்டி

பல்சர் 150-ஐப் பதினோரு வருடம் ஓட்டினேன். அதை மாற்றத் தோன்றியது வேகத்துக்காக இல்லை. திருப்பூரில் நிட்டிங் மிஷின் மெக்கானிக் வேலை எனக்கு. வாரம் ஒருமுறை தாராபுரம் பக்கத்தில் இருக்கும் ஊருக்குப் போய் அப்பாருவை, அதாவது தாத்தாவை, பார்த்துவிட்டு வருவேன். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று அந்த ரோட்டில் பக்கவாட்டில் அடிக்கும். காற்றாலைக்காரன் சும்மாவா அங்கே வந்து நட்டு வைத்திருக்கிறான்? போன வருடம் ஊரிலிருந்து திரும்பும்போது ஒரு லாரியை முந்தினேன். லாரி மறைவைத் தாண்டிய நொடியில் காற்று வண்டியை வலது பக்கம் இரண்டு முழம் தள்ளிவிட்டது. எதிரே பஸ் வரவில்லை, அதனால் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

கொஞ்சம் கனமான, நாலு நாள் கர்நாடகாப் பக்கம் சுற்றிவர உதவுகிற பழைய வண்டி வேண்டும். கையில் இருப்பது 1,25,000. மூன்று வண்டி பார்த்தேன்.

முதலில் கோபியில் ஒரு ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411, 2018 மாடல். உட்கார்ந்ததுமே பிடித்துப்போன வண்டி அது. 15 லிட்டர் டேங்க், முன்னால் 21 இஞ்ச் சக்கரம், குழியில் இறங்கினால் அசையாது. பர்கூர் மலை மண்பாதையில் போகிறவர் என்றால் யோசிக்காமல் இதை எடுக்கலாம். என் ஓட்டமெல்லாம் தார் ரோட்டில். அதோடு ஸ்போக் சக்கரம், உள்ளே டியூப். ஆள் இல்லாத காட்டு ரோட்டில் பஞ்சர் ஆனால் சக்கரத்தைக் கழற்ற வேண்டும் என்ற நினைப்பே என்னைத் திருப்பி அனுப்பிவிட்டது.

இரண்டாவது கோயமுத்தூரில், பழைய வண்டி விற்கும் கடை ஒன்றில். காலை ஒன்பதரைக்கு வருகிறேன் என்று சொல்லித்தான் போனேன். இஞ்சினில் புறங்கையை வைத்தால் சுடுகிறது. எனக்காக ஏற்கெனவே ஸ்டார்ட் பண்ணி வைத்திருக்கிறார்கள்! பேரிங் தேய்ந்த மிஷினையும் அரை மணி நேரம் ஓட்டிவிட்டால் சத்தம் அடங்கிப்போகும். இந்த வித்தையை நான் தினமும் பார்க்கிறவன். ஆர்சியில், அதாவது பதிவுச் சான்றில், கடன் கொடுத்த பைனான்ஸ் பெயரும் அப்படியே இருந்தது. கடன் தீர்ந்தது என்று அவர்கள் தருகிற கடிதம்தான் என்ஓசி. "என்ஓசி அடுத்த வாரம் வந்துருமுங்க, நீங்க அட்வான்ஸ் போடுங்க" என்றார்கள். வந்த பிறகு கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். இன்றுவரை போன் இல்லை.

மூன்றாவதுதான் வாங்கியது. பொள்ளாச்சியில், தோப்பு வைத்திருக்கிற ஒரு அண்ணாவிடம். பஜாஜ் டோமினார் 400, 2019 ஆகஸ்டில் பதிவான வண்டி. 373 சிசி, 40 குதிரைத் திறன், ஆறு கியர், தலைகீழ் ஃபோர்க் வந்த மாடல். ஓடியது வெறும் 19,400 கிலோமீட்டர். மீதி நாளெல்லாம் தேங்காய் மட்டைக்குப் பக்கத்தில் ஷெட்டில் நின்றிருக்கிறது.

குறைவாக ஓடிய வண்டி என்றதும் நம் ஆட்களுக்கு வாயெல்லாம் பல். நான் முதலில் பார்த்தது டயரை. பக்கவாட்டில் நாலு எண் இருக்கும். இதில் 2319, அதாவது 2019-ஆம் வருடம் 23-ஆம் வாரம் செய்தது. பட்டன் பாதிகூடத் தேயவில்லை, ஆனால் ரப்பர் இறுகிப்போயிற்று. நகத்தால் அழுத்தினால் இறங்கவே இல்லை. மழையில் அதை நம்பித் திரும்ப முடியாது. பின் ஸ்ப்ராக்கெட்டில் செயினைப் பிடித்து வெளியே இழுத்தால் பல் தெரிகிற அளவுக்கு வந்தது. வெயிலுக்கும் தூசிக்கும் எண்ணெய் காட்டாமல் விட்ட செயின், ஓடாமலே கெட்டுவிடும்.

நல்லதும் நிறைய இருந்தது. குளிர்ந்த இஞ்சின் முதல் தடவையே பிடித்தது. புகை இல்லை. ஃபோர்க்கில் ஆயில் கசிவு இல்லை. ஹேண்டில் முனை, லீவர் முனை, ஃபுட்ரெஸ்ட் எதிலும் உரசல் இல்லை, விழாத வண்டி. இஞ்சின் நம்பர், சேஸ் நம்பர் ஆர்சியோடு ஒத்துப்போனது. ஆழியாறு அணை வரை ஓட்டிப் பார்த்தேன், அந்த அண்ணா பின்னால் உட்கார்ந்து கொண்டு தென்னையில் வெள்ளை ஈ விழுந்த கதையைச் சொல்லிக்கொண்டே வந்தார். 1,20,000 கேட்டவரிடம் செயினையும் டயரையும் காட்டி 1,08,000-க்கு முடித்தேன்.

இன்சூரன்ஸ் இருக்கிறது என்றார். பேப்பரைப் பிரித்தால் சொந்த வண்டிச் சேதத்துக்கானது முதல் வருடத்தோடு சரி. 2018 செப்டம்பருக்குப் பிறகு வாங்கிய புது பைக்குகளுக்கு ஐந்து வருடத் தேர்டு பார்ட்டி, அதாவது நம் வண்டியால் அடுத்தவருக்கு ஆகும் சேதத்துக்கான இன்சூரன்ஸ், சேர்த்தே வரும். அதுவும் 2024 ஆகஸ்டில் முடிந்துவிட்டது. அவருக்கே தெரியவில்லை, பாவம். இதில் இன்னொரு விஷயம்: 75 முதல் 150 சிசி வரை வருடத்துக்கு 714 ரூபாய் தேர்டு பார்ட்டி, 350 சிசி தாண்டினால் 2,804, ஜிஎஸ்டி தனி. பெரிய வண்டிக்கு மாறுகிறவர்கள் பெட்ரோலைத்தான் கணக்குப் போடுவார்கள், இதைப் போடுவதில்லை.

டயர் இரண்டும் 11,200. செயின் ஸ்ப்ராக்கெட் கிட் 4,100. இஞ்சின் ஆயில், ஃபில்டர், கூலன்ட், பிரேக் ஆயில் எல்லாம் 3,300. வரியோடு இன்சூரன்ஸ் 3,309. வண்டி 1,30,000-இல் வந்து நின்றது, பெயர் மாற்றச் செலவு தனி. அம்மிணியிடம் 1,15,000 என்று சொல்லியிருக்கிறேன்.

ஓட்டுவதில் என்ன வித்தியாசம்? 184 கிலோ. பழைய பஸ் ஸ்டாண்ட் நெரிசலில் இதை வைத்துக்கொண்டு திரும்புவது காளை மாட்டைச் சந்தில் திருப்புவது மாதிரி. இரண்டாவது வாரமே பெட்ரோல் பங்கில் ஸ்டாண்ட் போட்டதாக நினைத்துக் கீழே சாய்த்தேன். காலுக்குச் சூடும் வரும். டவுனுக்குள் மட்டும் ஓட்டுகிறவர்கள் பல்சரையே வைத்திருங்கள்.

ஒரு ஞாயிறு விடியற்காலை திம்பம் ஏறினேன். பண்ணாரியில் ஒரு கும்பிடு, அப்புறம் 27 கொண்டை ஊசி வளைவு. என் பழக்கம் மூன்றாம் கியரிலேயே இழுத்துக்கொண்டு போவது; இந்த இஞ்சின் அதற்கு ஒத்துவராது, இரண்டாம் கியருக்கு இறக்கினால்தான் குஷியாக ஏறும். ஒன்பதாவது வளைவில் கரும்பு லாரி ஒன்று சிக்கி நின்றது. மேட்டில் நிறுத்திக் கிளம்பும்போது கை நடுங்கியது, வண்டி நடுங்கவில்லை. ஆசனூரில் டீ குடித்துவிட்டு மைசூர் வரை போய் வந்தேன். லிட்டருக்கு 28 கொடுத்தது. டேங்க் 13 லிட்டர்தான், 300 தாண்டியதும் பங்க் தேட ஆரம்பித்துவிடுவேன்.

ஆடி பிறந்ததும் ஊருக்குப் போனேன். கொடுவாய் தாண்டியதும் ஹேண்டில் லேசாக ஆடியது. இவ்வளவு பணம் போட்டும் இப்படியா என்று வயிறு கலங்கியது. ஊரில் நிறுத்திப் பார்த்தால், முந்தைய சொந்தக்காரர் கழுத்து உயரத்துக்கு முன்னால் காற்று மறைப்பாக மாட்டியிருந்த பெரிய வைசர், காற்றைப் பாய்மரம் மாதிரி பிடித்துக்கொண்டிருக்கிறது. நாலு ஸ்க்ரூவைக் கழற்றி அப்பாருவின் திண்ணையில் வைத்துவிட்டு, திரும்பும்போது வேண்டுமென்றே ஒரு லாரியை முந்தினேன். தள்ளியது, ஒரு சாண் இருக்கும்.

வைசரை அப்பாரு கோழிக்கூண்டுக்கு மறைப்பாகக் கட்டிவிட்டார்.