முதல் மூன்று மாதம்: தூரமா, வேகமா?

ரோடு பைக், அதாவது தார்ச்சாலையில் வேகமாக ஓட்டுவதற்கான சைக்கிள், வாங்கிய சில நாள்களிலேயே இந்தக் கேள்வி வந்துவிடும். மெதுவாக நெடுந்தூரம் ஓட்டுவதா, குறைந்த நேரத்தில் மூச்சு முட்ட மிதிப்பதா? இரண்டு பக்கமும் நியாயம் உண்டு. ஆனாலும் வாரத்துக்கு ஐந்தாறு மணி நேரம்தான் கிடைக்கும் என்கிற புதியவருக்கு, முதல் மூன்று மாதம் தூரத்துக்குத்தான் என்று உறுதியாகச் சொல்வேன்.

வேகத்தின் பக்கம் நிற்பவர்கள் காட்டும் சான்று வலுவானது. ஜப்பானில் இசுமி தபாட்டா குழுவினர் 1996இல் வெளியிட்ட ஆய்வு அது. 20 விநாடி முழு பலத்தோடு மிதி, 10 விநாடி ஓய்வு. இப்படி ஏழெட்டு சுற்று. கடினமும் ஓய்வும் மாறி மாறி வரும் இந்த முறையைத்தான் இன்டர்வல் என்கிறார்கள். ஆறு வார முடிவில் இந்தக் குழுவின் ஆக்சிஜன் உள்வாங்கும் திறன், வாரத்தில் ஐந்து நாள் ஒரு மணி நேரம் மிதமாக மிதித்த குழுவுக்குச் சற்றும் குறையாமல் உயர்ந்திருந்தது. நேரமில்லாதவருக்கு இது வரப்பிரசாதம் போலத் தோன்றும். ஆனால் அதில் பங்கேற்றவர்கள் உடற்கல்வி மாணவர்கள், ஏற்கெனவே பழகிய உடம்புக்காரர்கள். மிதித்ததும் ஆய்வுக்கூடத்தில் நிலையாக நிறுத்திய சைக்கிளை. நாற்காலியில் பத்து வருடம் உட்கார்ந்துவிட்டு சென்னையின் ஈ.சி.ஆர். எனும் கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு வருபவரின் கதை வேறு.

இதயமும் மூச்சும் சில வாரங்களில் தேறிவிடும். தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண்களுக்கு மாதக் கணக்கில் ஆகும். மூச்சு ஒத்துழைக்கிறதே என்று மிதித்துக்கொண்டே போனால் முழங்கால் மாட்டிக்கொள்ளும். மெதுவான நீள ஓட்டம் இந்த இடைவெளியைச் சமாளிக்கக் கால அவகாசம் தருகிறது. தசைகளில் நுண்ணிய ரத்தக் குழாய்கள் பெருகுகின்றன. உடம்பு கொழுப்பை எரிக்கப் பழகுகிறது. கழுத்து, உள்ளங்கை, இடுப்பு எல்லாம் சீட்டில் நேரம் கழிக்கக் கற்றுக்கொள்கின்றன. எவ்வளவு மெதுவாக? பக்கத்தில் வருபவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிகிற அளவுக்கு.

இலக்கை வைத்துப் பார்த்தாலும் இதுதான் சரி. நம்மில் பலருக்கு முதல் கனவு 200 கிலோமீட்டர் பிரெவே, அதாவது குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் ஓட்டம். அதற்குத் தரப்படும் நேரம் பதின்மூன்றரை மணி. நின்று சாப்பிடும் நேரத்தையும் சேர்த்து, மணிக்குச் சராசரி 15 கிலோமீட்டர் போதும். அங்கே பலரைத் தடுத்து நிறுத்துவது வேகக் குறைவு அல்ல, ஆறாவது மணி நேரத்தில் வரும் தோள்வலியும் தீர்ந்துபோன தெம்பும்.

இரண்டு தரப்பும் பேசாமல் விட்டுவிடும் ஒன்று இருக்கிறது: சீட்டின் உயரம். போன வருடம் என் சித்தப்பா மகனுடன் கோவளத்தில் டீ குடிக்க நின்றேன். "அண்ணா, முழங்காலுக்கு முன்பக்கம் குத்துகிறது, இன்டர்வல் செய்தால் சரியாகுமா?" என்றான். சைக்கிளைச் சுவரில் சாய்த்து, அவனை ஏறி உட்காரச் சொல்லி, பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன் மேல் வைக்கச் சொன்னேன். கால் நீண்டிருக்க வேண்டும். அவனுக்கோ நன்றாக மடங்கியே இருந்தது. ஆலன் கீயை (அறுகோணத் திருகாணிச் சாவி) எடுத்து இரண்டு விரற்கடை உயர்த்தினேன். அடுத்து, அவன் வலது முழங்கால் 15 விநாடியில் எத்தனை முறை மேலே வருகிறது என்று ஓட்டிக்கொண்டே எண்ணச் சொன்னேன். பதினான்கு. கனமான கியரில் திணறிக்கொண்டிருந்திருக்கிறான். இரண்டு கியர் இலகுவாக்கி இருபதுக்குக் கொண்டுவந்தான். அதன் பிறகு சில வாரங்களில் வலி போய்விட்டது. வலி முழங்காலுக்குப் பின்பக்கம் வந்திருந்தால் சீட் அதிக உயரமோ என்று முதலில் பார்த்திருப்பேன்.

சராசரி வேகத்தை ஒவ்வொரு நாளும் ஒப்பிட்டு மனம் வாடுபவர்களுக்கு ஒரு கணக்கு. காற்றைத் தள்ளத் தேவைப்படும் சக்தி வேகத்தை வேகத்தால் இரண்டு முறை பெருக்கிய (வேகம் × வேகம் × வேகம்) கணக்கில் ஏறும். 25இலிருந்து 30 கிலோமீட்டர் வேகத்துக்குப் போனால் அது ஏறத்தாழ முக்கால் பங்கு கூடுகிறது. எதிர்க்காற்று அடிக்கும் நாளில் எண் குறைந்ததால் நீங்கள் பலவீனமானீர்கள் என்று அர்த்தமில்லை. தடுப்பது பெரும்பாலும் காற்றுதான் என்பதால், எடை குறைந்த சக்கரத்துக்குப் பணம் செலவழிப்பது பற்றி இப்போதைக்கு யோசிக்கவே வேண்டாம்.

தேர்ந்த வீரர்களின் பயிற்சியில் ஐந்தில் நான்கு பங்கு மென்மையானது என்று விளையாட்டு அறிவியலாளர் ஸ்டீபன் சைலர் கண்டதைக் காட்டி, கடினப் பயிற்சியே வேண்டாம் என்று சிலர் வாதிடுகிறார்கள். அதையும் ஏற்க மாட்டேன். அந்த வீரர்கள் ஓட்டும் மணி நேரத்துக்கும் நம்முடையதற்கும் ஒப்பே கிடையாது. நான்காவது மாதம் புதன்கிழமைகளில் நான்கு நிமிடம் கடினம், மூன்று நிமிடம் இலகு என்று நான்கு சுற்று சேருங்கள். மழை வந்தால் அந்தப் புதனை விட்டுவிடலாம். ஞாயிறு நீள ஓட்டத்தை மட்டும் விடாதீர்கள். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் போவதானால் பையில் இரண்டு வாழைப்பழமும், தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்பும் இருக்கட்டும்.