நாங்களே செய்த பைன்வுட் டெர்பி மர டிராக்: ஏழு சீசனுக்குப் பிறகு

மகன் கப் ஸ்கவுட்டில் (சின்னப் பிள்ளைகளுக்கான சாரணர் பிரிவு) சேர்ந்த வருடம், நியூ ஜெர்சியில் எங்கள் பேக்குக்கு (உள்ளூர் சாரணர் குழு) என்று சொந்த டிராக் கிடையாது. பக்கத்து ஊர் பேக்கிடம் இரவல் வாங்கி ஓட்டுவோம். அவர்களுக்கும் பந்தயம் ஜனவரி, பிப்ரவரியில்தான் என்பதால் தேதி ஒத்துவராது. 4 லேன் அலுமினிய டிராக்கின் விலையைப் பார்த்தோம், ஆயிரம் டாலரைத் தாண்டியது. சரி, நாமே மரத்தில் செய்துவிடலாம் என்று 2018 இலையுதிர் காலத்தில் இறங்கினோம். அந்த டிராக்கில் இதுவரை ஏழு சீசன் ஓட்டியாகிவிட்டது. 2021-இல் மட்டும் கூட்டம் கூட முடியாததால் எங்கள் கராஜிலேயே விரித்து, பெற்றோர் வாசலில் வைத்துவிட்டுப் போன கார்களை நானும் மகனும் ஓட்டி, போனில் நேரலையாகக் காட்டினோம்.

தெரியாதவர்களுக்காக: பைன்வுட் டெர்பி என்பது குட்டி மரக் கார் பந்தயம். ஒரு பைன் மரக்கட்டை, நாலு பிளாஸ்டிக் சக்கரம், அச்சுக்கு நாலு ஆணி. பிள்ளைகள் அதைச் செதுக்கி ஏழு அங்குலக் கார் செய்வார்கள். எடை 5 அவுன்ஸை, அதாவது சுமார் 142 கிராமைத் தாண்டக்கூடாது. மோட்டார் இல்லை, சரிவில் உருண்டு வருவதுதான் வேகம். 1953-இல் கலிஃபோர்னியாவின் மன்ஹாட்டன் பீச்சில் டான் மர்ஃபி என்ற ஸ்கவுட் தலைவர் தொடங்கிவைத்தது. உட்கார்ந்து ஓட்டும் சோப் பாக்ஸ் கார் பந்தயத்தில் சேர அவர் மகனுக்கு வயது போதவில்லையாம்.

எங்கள் டிராக் 32 அடி. அரை அங்குல பிளைவுட் பலகையை நீளவாக்கில் மூன்றாக அறுத்தால் ஒவ்வொன்றும் 16 அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாக வரும், அதில் நாலு லேன் அடங்கும். எட்டடித் துண்டுகள் நாலு. தொடங்கும் இடம் தரையிலிருந்து நாலடி உயரம். சரிவு சமதளமாகும் இடத்தில் மட்டும் அடியில் நீளச் சட்டம் அடிக்காமல் குறுக்குக் கட்டைகளை மட்டும் வைத்தோம், பலகை தானாக வளைந்து உட்கார்ந்துகொண்டது. லேனுக்கு நடுவே, காரின் இரு பக்கச் சக்கரங்களுக்கும் இடையில் வருகிற மாதிரி, கால் அங்குல உயரத்தில் ஒரு பட்டை. அதன் அகலம் ஒன்றே ஐந்தெட்டு அங்குலம், சக்கரங்களின் இடைவெளி ஒன்றே முக்கால். ஆக மொத்தம் கார் பக்கவாட்டில் அசைய இடம் மூன்று மில்லிமீட்டர்தான். பட்டையின் ஓரத்தில் பிசிர் இருந்தால் சக்கரம் உரசும். உப்புத்தாள் போட்டு, வார்னிஷ் அடித்து, மறுபடி உப்புத்தாள் போடுவதற்கே இரண்டு வார இறுதிகள் போயின. செலவு மொத்தம் 350 டாலர் போல ஆனது.

முதல் வருடம் எல்லாரும் கைதட்டினார்கள். இரண்டாம் வருடம் பந்தயத்தின் நடுவில் மகன் என் சட்டையை இழுத்து, "அப்பா, என் காரை மூணாவது லேன்ல விடாதீங்க, அது ஸ்லோ" என்றான். வீட்டுக்கு வந்து ஒரே காரை நாலு லேனிலும் பத்துப் பத்துத் தடவை ஓட்டிப் பார்த்தேன். மூன்றாவது லேன் சராசரியாக 0.05 வினாடி பின்தங்கியது. பார்க்க அற்பமாகத்தான் இருக்கும், ஆனால் கோட்டைத் தொடும் வேகத்தில் அது ஒரு காரின் நீளத்துக்கும் மேல். பெரியவர்கள் எங்களுக்குப் படாதது பிள்ளைகளுக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது. மூன்றாவது லேன் வந்தாலே முகம் சுளித்திருக்கிறார்கள்.

தச்சு வேலையில் கைதேர்ந்த பக்கத்து வீட்டுப் பெரியவரைக் கூப்பிட்டேன். அவர் அளவுகோல் எதையும் எடுக்கவில்லை. ஒவ்வொரு இணைப்பின் மேலும் கார் ஓடும் திசையில் கட்டைவிரல் நகத்தை இழுத்துக்கொண்டே போனார். இரண்டாம் துண்டும் மூன்றாம் துண்டும் சேரும் இடத்தில், மூன்றாவது லேனில், நகம் "டிக்" என்று நின்றது. கிரெடிட் கார்டு கனம்கூட இல்லாத ஒரு படி. தப்பு என்னுடையதுதான். துண்டுகளை போல்ட் போட்டு இறுக்கும் துளைகளைக் கொஞ்சம் தாராளமாகத் துளைத்திருந்தேன். ஒவ்வொரு தடவை கழற்றிப் பூட்டும்போதும் பலகை மேலேயோ கீழேயோ நகர்ந்துகொள்ளும். அப்புறம் இணைப்புக்கு இரண்டு எஃகு ஊசிகள் வைத்தோம். இரு துண்டுகளையும் சமமான தரையில் குப்புறக் கவிழ்த்து, கிளாம்ப் போட்டு, ஒரே வீச்சில் துளைக்க வேண்டும். கவிழ்த்தால்தான் கார் ஓடும் முகம் மட்டமாக நிற்கும். இப்போது மட்டம் மாறாமல் பிடிப்பது ஊசி, இறுக்குவது மட்டுமே போல்ட். நடுப்பட்டை தொடங்கும் முனைகளையும் பென்சில் சீவின மாதிரி கூராக்கிவிட்டேன். அதன்பின் லேன்களுக்குள் வித்தியாசம் 0.01-க்குள் அடங்கியது. அதையும் சமன் செய்யத்தான் ஒவ்வொரு காரையும் நாலு லேனிலும் ஒரு தடவை ஓட விடுகிறோம். டெர்பிநெட் என்ற இலவச மென்பொருள் அந்த அட்டவணையைப் போட்டுத் தருகிறது.

டைமரும் சொந்தத் தயாரிப்பு: ஆர்டுயினோ என்ற சின்னக் கணினிப் பலகை, டிராக்கில் துளையிட்டுப் பதித்த நாலு ஒளி உணரி, மேலே ஒரு விளக்குப் பட்டை. 2023-இல் மதியம் ஹால் ஜன்னல் வழியாக வெயில் சாய்ந்து விழுந்ததும் உணரிகளுக்குக் கார் கடந்ததே தெரியவில்லை. மூன்று ஓட்டம் வீண், ஒரு பிள்ளை அழுதுவிட்டது. அன்றைக்கு பீட்சா டப்பாவை வளைத்து மறைப்புக் கட்டினோம். இன்றைக்கும் அதே டப்பாதான் இருக்கிறது, கறுப்பு பெயின்ட் மட்டும் அடித்தேன்.

ஸ்டார்ட் கேட் கீலும் ஸ்பிரிங்கும்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஸ்பிரிங்கை மட்டும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுகிறேன். கடைசியில் கார் நிற்பதற்கு நடுப்பட்டை மேல் ஒட்டிய நுரைத் துண்டு போதும், கார் அதன்மேல் ஏறி வயிற்றால் உரசி நின்றுவிடும்.

அலுமினியம் வாங்கியிருக்கலாமோ என்று தோன்றுவது தூக்கிச் செல்லும்போதுதான். எட்டடித் துண்டு மினிவேனில் நுழையும், செடானில் நுழையாது. ஆகவே வருடா வருடம் அது என் தலையில்தான் விழுகிறது. கராஜில் வைப்பதிலும் கவனம் வேண்டும். சுவரில் சாய்த்து வைத்த முதல் கோடையில் ஒரு துண்டு கொஞ்சம் வளைந்தது. இப்போது மரக்கட்டைகள் மேல் படுக்க வைக்கிறேன், முகத்தோடு முகம் சேர்த்து. பிள்ளைகள் அச்சுக்குப் போடும் கிராஃபைட் தூள் டிராக்கில் கறுப்புக் கோடாகப் படியும். உலர்ந்த துணியால்தான் துடைக்க வேண்டும். ஈரத்துணி போட்டவர் ஒருவர் உண்டு, அந்தக் கறை இன்னும் போகவில்லை.

மகன் எப்போதோ கப் ஸ்கவுட்டை முடித்துவிட்டான். இப்போது ஓட்டுவது மகள். 2018 முதல் பெண் பிள்ளைகளும் சேரலாம் என்று ஆனது எங்களுக்கு வசதியாகப் போயிற்று. நாலாம் துண்டின் ஓரம் போன மழையில் தண்ணீர் குடித்து உப்பியிருக்கிறது. அன்று மிஞ்சிய பிளைவுட் துண்டு ஒன்று மாடியில் கிடக்கிறது. டிசம்பருக்குள் அதை வார்னிஷ் அடித்து மாற்றியாக வேண்டும், ஊசித் துளையையும் புதிதாகப் போட வேண்டும்.