கிராம்பு எண்ணெயும் புல்தைலமும்: ஏழு வருஷம் புழங்கிய அனுபவம்

எங்கள் வீடு கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம் பக்கம், சுற்றிலும் ரப்பர்த் தோட்டம். மாறாமலைக் கிராம்பு பக்கத்திலேயே விளைகிறது. 2021-ல் கன்னியாகுமரிக் கிராம்புக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. பல்லுக் குத்து வந்தால் இரண்டு கிராம்பைக் கடைவாயில் அடக்கிக்கொள்வது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பழக்கம். அந்தத் தைரியத்தில்தான் ஏழு வருஷத்துக்கு முன்னால் முதல் குப்பி கிராம்பு எண்ணெய் வாங்கினேன்.

ஒரு ராத்திரி சொத்தைப்பல் குடைந்தது. பஞ்சை எண்ணெயில் அப்படியே நனைத்து வைத்துவிட்டேன். இரண்டே நிமிஷத்தில் வலி மரத்தது. காலையில் கண்ணாடியில் பார்த்தால் ஈறு வெளுத்து, தோல் உரிந்து தொங்கியது. "மக்களே, கிராம்பைத்தானே வைக்கச் சொன்னேன், இதை ஏன் வெச்ச?" என்று அம்மா பதறிப்போனாள்.

அம்மா கேட்டதில் விஷயம் இருக்கிறது. கிராம்பு மொட்டின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரைக்கும்தான் எண்ணெய். நீராவியில் வடித்தெடுக்கும் அந்த எண்ணெயில் முக்கால் பங்குக்கும் மேல் யூஜெனால் என்ற ஒரே பொருள். நரம்பை மரக்கவைப்பதும், கிருமியைக் கொல்வதும், ஈறைப் பொசுக்குவதும் அதுதான். பல் டாக்டர் அறையில் அடிக்கும் மணமும் யூஜெனால்தான். துத்தநாக ஆக்சைடுடன் குழைத்துத் தற்காலிகமாகப் பல்லை அடைக்கிறார்கள். வலி அடங்குமே தவிர சொத்தை ஆறாது. எனக்கும் கடைசியில் வேர் சிகிச்சைதான் செய்ய வேண்டி வந்தது.

அதற்குப் பிறகு தேங்காய் எண்ணெயில் கலக்காமல் எதையும் உடம்பில் வைத்ததில்லை. இருபது சொட்டு சுமார் ஒரு மில்லி. பத்து மில்லி தேங்காய் எண்ணெய்க்கு ஒரு சொட்டு விட்டால் நூற்றுக்கு அரை பங்கு. கிராம்பு எண்ணெய்க்குத் தோலில் அதற்கு மேல் வேண்டாம். மழைக்காலத்தில் அம்மாவின் முழங்காலுக்கு இதைத்தான் தடவுகிறேன். சூடு பரவி ஒரு மணி நேரம் இதமாக இருக்கிறது என்கிறாள். வாதம் குணமாகிவிட்டது என்று நான் சொல்லமாட்டேன்.

நம் ஊர் ஆசான்மார், அதாவது வர்ம வைத்தியர்கள், காய்ச்சும் வர்மத் தைலத்தையும் இப்படி வடித்தெடுக்கும் எண்ணெயையும் ஒன்றாக நினைப்பவர்கள் நிறையப் பேர். அது மூலிகையை நல்லெண்ணெயில் போட்டுக் காய்ச்சுவது, கை நிறைய எடுத்துத் தேய்க்கலாம். இது காற்றில் பறக்கிற சாறு. எலுமிச்சைப் புல்லிலிருந்து வடிக்கிற புல்தைலத்தை வெள்ளைத்தாளில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள்: மறுநாள் பிசுக்கு இருக்காது. நான் ஒரு கடையில் வாங்கிய குப்பியில் மூன்று நாள் கழித்தும் தாள் கண்ணாடி மாதிரி மினுங்கியது. சமையல் எண்ணெய் கலந்திருந்தார்கள். ஆனால் பெயின்ட் கரைக்கிற டர்பன்டைன் கலந்திருந்தால் அதுவும் பறந்துவிடும், இந்தச் சோதனையில் பிடிபடாது. தண்ணீரில் விட்டால் புல்தைலம் மிதக்கும், கிராம்பு எண்ணெய் கனமானது, அடியில் போய் உட்காரும்.

புல்தைலத்தில் முக்கால் பங்கு சிட்ரால் என்ற பொருள். எலுமிச்சை மணம் அதனால்தான். அந்தி நேரத்தில் தேங்காய் எண்ணெயில் கலந்து காலில் தடவினால் கொசு அண்டாது, ஆனால் ஒரு மணி நேரத்துக்கு மேல் நிற்காது. தரை துடைக்கத் தண்ணீரில் நேராக ஊற்றினால் திட்டுத்திட்டாக மிதக்கும், முதலில் சோப்புக் கரைசலில் கலக்க வேண்டும். சளிக்கு யூகலிப்டஸ் தைலம் ஆவி பிடிக்கிறோம், பெரியவர்கள் மட்டும். கைக்குழந்தையின் மூக்கருகே அதைக் கொண்டுபோகவே கூடாது, மூச்சு முட்டிவிடும்.

இந்த எண்ணெய்களைக் குடிக்கச் சொல்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. கிராம்பு எண்ணெயைக் குடித்த குழந்தைகளுக்கு ஈரல் கெட்டுப்போனது மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே வேண்டாம். எங்கள் வீட்டுக் குப்பிகள் பூட்டிய அலமாரியின் மேல்தட்டில் இருக்கின்றன.

குப்பி பழுப்புக் கண்ணாடியாக இருக்கட்டும். சொட்டுக்குழாயின் ரப்பர் குமிழை மூன்றே மாதத்தில் எண்ணெய் ஊறவைத்துப் பிசுபிசுக்க வைத்துவிட்டது, இப்போது திருகுமூடிதான். திறந்த தேதியை எழுதி ஒட்டிவிடுகிறேன். காற்றுப் பட்டுப் பழசான எண்ணெய் தோலில் அரிப்பைக் கிளப்பும். ஒரு வருஷம் தாண்டிய புல்தைலம் எங்கள் வீட்டில் தரை துடைக்க மட்டும்தான்.